சட்டப்படிப்பு நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்பு: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழு உறுப்பினர்களுக்கும், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இம்முறை தவறாமல் வந்திருக்கும் தந்தையர் உள்ளிட்ட பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். 2024 ஜூன் முதல் இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் நம் சங்கம் நடத்திவரும் சட்டப்படிப்பு நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்பைப் பற்றிய இவ்வறிக்கையை 2025 மே 11ஆம் நாள் கூடும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இராமநாதபுரத்திலேயே 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்க, பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே அங்கு சேரலாம் என்றிருக்க, இந்தத் தேர்வு எதற்கு என்று சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். அக்கல்லூரியில் சேர்வதை நாங்கள் ஒருபோதும் குறைவாகச் சொன்னதில்லை. நம் மாணவர்களில் சிலர் அங்கும் விண்ணப்பிக்க இருக்கிறார்கள். ஆனால் திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும், பிற மாநிலங்களிலுள்ள பெரும்பாலான தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கும் கிளாட் (CLAT) எனப்படும் பொதுச் சட்ட நுழைவுத்தேர்வு வழியாகத்தான் போக வேண்டும். அப்படி ஒரு தேர்வு இருப்பதே விண்ணப்பத் தேதி முடிந்த பிறகுதான் நம் தீவுப் பிள்ளைகளுக்குத் தெரியவருகிறது என்பதால்தான் இவ்வகுப்பைத் தொடங்கினோம்.

தேர்வுக்கு இரண்டு மணி நேரம்; கேள்விகள் 120. எல்லாம் ஆங்கிலத்தில். நீண்ட பத்தி ஒன்றைக் கொடுத்து, அதைத் தொடர்ந்து சில கேள்விகள் கேட்கிறார்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். ஆங்கிலம்தான் பெரிய தடையாக இருக்கும் என்று நினைத்துத் தொடங்கினோம். அது தடையாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிய தடை ஒன்றை ஆகஸ்ட் மாதத்தில்தான் கண்டுகொண்டோம்.

இராமநாதபுரம் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் ஞாயிறுதோறும் வந்து சட்டப் பகுதியை நடத்தினார். அத்துமீறல் பற்றி அவர் எழுதிவந்த பத்தி இதுதான்: பிறர் நிலத்தில் அனுமதியின்றி நுழைவது அத்துமீறல், தெரியாமல் நுழைந்தேன் என்பது தப்பும் வழியாகாது, பிறரால் உள்ளே தள்ளப்பட்டவர் மட்டுமே அத்துமீறியவர் ஆகமாட்டார். கேள்வி, இருட்டில் எல்லை தெரியாமல் அடுத்தவர் தென்னந்தோப்பில் வலையைக் காயப்போட்ட ஒருவரைப் பற்றியது. பத்தியின்படி அது அத்துமீறல்தான். வகுப்பில் ஒருவரைத் தவிர எல்லோரும் அத்துமீறல் இல்லை என்று குறித்திருந்தார்கள். காரணம் கேட்டபோது, "எங்க ஊர்ல யார் தோப்புலயும் வலை காயப்போடலாம் சார், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாக" என்று கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது. அத்தோடு விடாமல் ஒரு மாணவி எழுந்து, காலங்காலமாக யாரும் தடுக்காமல் இருப்பதே அனுமதி ஆகாதா என்று கேட்டாள். வழக்கறிஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எழுப்பக்கூடிய வாதமே அதுதான் என்றும், ஆனால் தேர்வுத்தாளில் அதைக் கிளப்பினால் கால் மதிப்பெண் போய்விடும் என்றும் சொன்னார்.

இவ்வாண்டு முழுவதும் எங்களை அலைக்கழித்தது இந்தச் சிக்கல்தான். கடலைப் பற்றியும், எல்லையைப் பற்றியும், பிடிபட்ட படகுகளைப் பற்றியும் வீட்டில் நாள்தோறும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், பத்தியில் உள்ளதை விட்டுவிட்டுத் தாங்கள் அறிந்ததைக் கொண்டு விடை எழுதுகிறார்கள். அறிந்ததை இரண்டு மணி நேரம் ஓரமாக வைக்கப் பழக்கினோம். அதை அடியோடு மறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வழக்கறிஞருக்கும் வரவில்லை.

தருக்கப் பகுதியில் நிலைமை தலைகீழாக இருந்தது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகு போகாது. இன்று படகு போகவில்லை. ஆகவே கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்ற முடிவு சரியா என்று கேட்ட மறுநொடியே, வேலைநிறுத்தமாக இருக்கலாம், தடைக்காலமாக இருக்கலாம், கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுக்காமல் இருக்கலாம் என்று அடுக்கினார்கள். நகரத்துப் பயிற்சி நூல்களில் இதற்குப் பத்துப் பக்கம் ஒதுக்குகிறார்கள். தமிழாசிரியை மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையிலிருந்து பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) என்னும் ஐந்து உறுப்புகளையும், புகை தெரிவதால் மலையில் நெருப்பு உண்டு என்பதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டும் முறையையும் நடத்தினார். தெரிவது புகையா பனியா என்றே ஐயமாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு மாணவர் கேட்க, அந்தக் குறையையும் அதே காதை போலி ஏதுக்களுள் ஒன்றாகச் சொல்லியிருப்பதைக் காட்டினார். நுழைவுத்தேர்வில் இது வராது. இருந்தாலும், பிள்ளைகள் நேரம் முடிந்தும் எழாமல் உட்கார்ந்திருந்த வகுப்பு அது ஒன்றுதான்.

விண்ணப்பத்தில் என் பிழை ஒன்று உண்டு. பொதுவான கட்டணம் 4,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கும் 3,500. சான்றிதழ்களைக் கடைசி வாரத்தில்தான் கேட்டேன். அதற்குள் கிடைக்காததால் இருவர் முழுக் கட்டணம் செலுத்த நேர்ந்தது. கூடுதலான தொகையை நானே ஏற்றுக்கொண்டேன். சங்கக் கணக்கில் அது வராது.

நவம்பர் 20ஆம் நாள் தீவில் கொட்டிய பெருமழையில் வகுப்பறைக்குள் தண்ணீர் புகுந்து, மாதிரித் தேர்வுத் தாள்கள் நனைந்து வீணாயின. டிசம்பர் 1 தேர்வு. அதற்கு முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பாம்பன் வழியே 2022 டிசம்பரிலிருந்து ரயில் ஓடாத காலமாகையால், முதல் நாளே மாணவர்களைப் பேருந்தில் மதுரைக்கு அழைத்துச் சென்று தங்கவைத்தோம்.

முடிவைச் சொல்வதில் தயக்கம் இருக்கிறது. இன்றுவரை ஒருவருக்கும் இடம் உறுதியாகவில்லை. அதிகாரப்பூர்வ விடைக்குறிப்பில் இரண்டு விடைகள் தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் டிசம்பர் 20இல் கூறியது. பிற உயர் நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளும் பின்னர் டெல்லிக்கு மாற்றப்பட்டன. மதிப்பெண்களைத் திருத்திப் புதிய பட்டியல் வெளியிடுமாறு சென்ற புதன்கிழமைதான் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டுள்ளது. தரவரிசையில் எல்லையை ஒட்டி நிற்கும் நம் மாணவி ஒருவருக்கு அப்பட்டியல் முக்கியம். தோப்பு வழக்கில் கேள்வி கேட்ட அதே மாணவிதான் அவர். விடைக்குறிப்பையே எதிர்த்து வழக்குப் போடலாம் என்றால், எங்களை ஏன் கேள்வி கேட்காமல் குறிக்கச் சொன்னீர்கள் என்று இப்போது கேட்கிறார்.

வரும் ஆண்டில் ஆங்கில வாசிப்பைப் பதினோராம் வகுப்பிலிருந்தே தொடங்கவும், சான்றிதழ்களை ஜூலை மாதத்திலேயே சேகரிக்கவும், வகுப்பைத் தரைத்தளத்திலிருந்து மாடி அறைக்கு மாற்றவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். மாடிக்கு இரண்டு மின்விசிறிகள் தேவைப்படுகின்றன.

செயலாளர்