சுவரில் இருக்கும் தலை எதைச் சொல்லாது: ஆவணப்படக் குழுவினருக்கும் நேயர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஆவணப்படத்தைத் தயாரித்து ஒளிபரப்பிய தொலைக்காட்சி நிறுவனத்தாருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கருத்து எழுதிய நேயர்களுக்கும் வணக்கம்.

செத்த விலங்கின் தோலைப் பதப்படுத்தி உயிருள்ளதுபோல் நிறுத்தி வைக்கும் ‘பாடம் செய்தல்’ தொழிலையும், தலையையோ தோலையோ நினைவுப் பொருளாக எடுத்துப்போகச் சுடும் ட்ராஃபி வேட்டையையும் சேர்த்துக் காட்டிய உங்கள் படத்துக்கு வந்த எதிர்வினைகளை வாசித்தோம். பாடம் செய்யும் தொழிலிலும் அருங்காட்சியகப் பராமரிப்பிலும் இருப்பவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். நேயர்களின் கோபம் தவறு என்று சொல்ல வரவில்லை. அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லையே என்பதுதான் எங்கள் கவலை.

முதலில், தள்ளிப்போடக் கூடாத ஒரு விஷயம். வீட்டில் பரம்பரையாக இருக்கும் பழைய மான் தலையை, சிறுத்தைத் தோலைக் கொளுத்தப் போவதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து கொளுத்தாதீர்கள். அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸைச் சேர்ந்த ழான் பாப்டிஸ்ட் பெகூர் என்பவர் ஆர்சனிக் என்ற நச்சுப் பொருளின் தூள், கற்பூரம், சோப்பு, சுண்ணாம்புத் தூள், பொட்டாசிய உப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு பசை செய்தார். தோலின் உட்புறத்தில் அதைப் பூசினால் அந்துப்பூச்சியும் வண்டும் அண்டாது. அந்த வழிமுறையும் அதை ஒட்டிய பலவும் 1980கள் வரை புழக்கத்தில் இருந்தன. ஆர்சனிக் நாள்பட்டுச் சிதைந்து போகிற பொருள் அல்ல. எரித்தால் புகையில் ஏறி மூச்சுக்குள் போகும், மீதி சாம்பலில் தங்கும்.

முடியின் அடியிலோ, தையல் ஓரத்திலோ, கண்ணைச் சுற்றியோ வெள்ளைத் தூள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. தெரியாவிட்டால் ஆர்சனிக் இல்லை என்று அர்த்தமாகாது. எக்ஸ்-கதிர் பாய்ச்சி என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியால் சோதித்தால்தான் தெரியும். சோதிக்கும் வரை விஷம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரைல் கையுறை, என்95 முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி இல்லாத வாக்குவம் கிளீனரை அதன் மேல் ஓட்டினால் தூசி அறை முழுக்கப் பரவும். பாலித்தீன் உறையில் சுற்றி, குழந்தைகள் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அருங்காட்சியகத்தையோ வனத்துறையையோ கேளுங்கள். உங்கள் தொகுப்பாளர் பழைய மாளிகைக் காட்சியில் புலியின் முகத்தை வெறுங்கையால் தடவிக்கொண்டே பேசுகிறார். அந்தக் காட்சியை மறு ஒளிபரப்பில் நீக்க வேண்டும், அல்லது எச்சரிக்கை வாசகமாவது போட வேண்டும்.

இனி படத்துக்கு வருவோம். துப்பாக்கி வெடிக்கிறது. அடுத்த காட்சியில் சிங்கத்தின் தலை சுவரில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே பல மாத வேலை இருக்கிறது, அதை அப்படியே வெட்டிவிட்டீர்கள். உள்ளே முழு உடலும் இருக்கிறதா, கண் அழுகாதா, ஆத்திரத்தோடு செத்ததால்தான் வாய் திறந்திருக்கிறதா என்றெல்லாம் நேயர்கள் கேட்பதற்குக் காரணம் அந்த வெட்டுதான்.

உள்ளே உடல் இல்லை. விலங்கிலிருந்து வருவது பெரும்பாலும் தோல் மட்டும்தான். உரிப்பதற்கு முன்பும் பின்பும் அளவு எடுக்க வேண்டும்: மூக்கு நுனியிலிருந்து கண்ணின் முன்மூலை வரை, கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே, காதுக்குப் பின்னால் கழுத்தின் சுற்றளவு, அதற்குக் கீழே இன்னும் இரண்டு இடங்களில் சுற்றளவு. பிறகு நேரத்தோடு போட்டி தொடங்குகிறது. உயிர் போனதுமே பாக்டீரியா வேலையை ஆரம்பித்துவிடும். முடியின் வேர் பதிந்திருக்கும் மேல்தோல் அடுக்கு சிதைந்தால் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். வெயில் நாட்டில் இதற்குச் சில மணி நேரம் போதும். வயிறு, காது, உதடு ஆகிய இடங்களில்தான் முதலில் தெரியும். ஒருமுறை கழன்ற முடியைப் பிறகு எந்த மருந்தாலும் பிடித்து நிறுத்த முடியாது.

ஆகவே உதட்டைப் பிரித்து, காதின் குருத்தெலும்பை எடுத்து, மூக்குச் சதையைச் சீவி, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் முழுக்க நீக்கிவிட்டுத்தான் உப்பிட வேண்டும். சதை இருக்கும் இடத்தில் உப்பு தோலை எட்டாது. அயோடின் சேராத தூள் உப்பு, தோலின் எடையில் பாதிக்குக் குறையாமல் வேண்டும். கல் உப்பு போட்டால் கல்லுக்குக் கல் இடைவெளி விழும், அந்த இடைவெளியில் அழுகல் தொடங்கும். ஒரு நாள் கழித்து, நீர் கோத்த உப்பை உதறிவிட்டுப் புது உப்பு. காய வைப்பது நிழலில்தான். வெயிலில் போட்டால் கொழுப்பு உருகி ஊறும், தோல் வெந்ததுபோல் விறைத்துவிடும், பிறகு எத்தனை நாள் ஊற வைத்தாலும் நெகிழாது.

அடுத்து அமிலக் குளியல். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 120 கிராம் உப்பு, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 2 அல்லது அதற்குக் கீழே வரும்வரை அமிலம். குறைந்தது மூன்று நாள் ஊற வேண்டும், பி.எச். அளவைத் தினமும் பார்க்க வேண்டும். அளவு ஏறினால் பாக்டீரியா திரும்பி வரும். உப்பு குறைந்தால் தோல் தண்ணீரை உறிஞ்சி ஊதி நார் பிளந்துவிடும். பிறகு தோலை மெல்லிசாகச் சீவி, மறுபடி ஊற வைத்து, சமையல் சோடா கரைசலில் இருபது, முப்பது நிமிடம் அமிலத்தைத் தணித்துப் பதனிடுவார்கள். சோடா கூடினாலும் முடி தளரும்.

பதனிட்ட தோல் ஏறுவது பாலியூரித்தேன் ஃபோம் என்ற பிளாஸ்டிக் நுரையில் செய்த உருவத்தின் மேல். ஆரம்பத்தில் எடுத்த அளவு இங்கேதான் கைகொடுக்கும். உருவம் பெரிதாக இருந்தால் தோலை இழுத்துத் தைக்க நேரும், காய்ந்து சுருங்கும்போது தையல் வாய் பிளக்கும். சிறிதாக இருந்தால் சுருக்கம் விழும். கண்மூலை, மூக்குத்துளை, உதட்டுக்கோடு போன்ற குழிவான இடங்களில் பசை சரியாகப் பிடிக்காவிட்டால் தோல் எழும்பி மேளத்தோல் போல விறைத்து நிற்கும். கண் கண்ணாடியில் செய்தது. சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் கருமணி வட்டமாகத்தான் சுருங்கும். வீட்டுப் பூனைக்குத்தான் கோடாக ஆகும். சிங்கத்துக்குக் கோட்டுக் கண் பொருத்திய தலைகளும் சுவர்களில் தொங்குகின்றன.

வாய்க்கு வருவோம். உறுமும் முகம் விலங்கின் கடைசி முகம் அல்ல. அது கேட்டு வாங்கிய முகம். உறுமும் சிங்கத்தின் காது பின்னால் மடங்கும், மூக்குத்தோல் சுருங்கும், கண் இடுங்கும். உங்கள் படத்தில் காட்டிய தலையில் காதுகள் முன்னோக்கி நிமிர்ந்திருக்கின்றன, வாய் மட்டும் பிளந்திருக்கிறது. உயிருள்ள எந்தச் சிங்கமும் அப்படி உறுமாது. அந்தப் பயங்கரத்தைப் பார்த்து மிரண்டவர்களும், “பாவம், எப்படித் துடித்திருக்கும்” என்று அழுதவர்களும் யாரோ பட்டறையில் செய்து வைத்த முகபாவத்துக்குத்தான் எதிர்வினை எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் வாதமே இதில்தான் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஆண் சிங்க வேட்டையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வயது. தான்சானியாவும், மொசாம்பிக்கின் நியாசா காப்பகமும் ஆறு வயதுக்குக் குறைந்த சிங்கத்தைச் சுடக் கூடாது என்று விதி வைத்தன. காரணம் தெளிவானது. கூட்டத்தைக் காக்கும் ஆண் செத்தால் வேறு ஆண்கள் உள்ளே வந்து குட்டிகளைக் கொன்றுவிடும். ஒரு தோட்டா ஒரு சிங்கத்தோடு நிற்பதில்லை. ஆறு வயதுக்குள் தன் குட்டிகளை வளர்த்துவிட ஆணுக்கு ஓரளவு அவகாசம் கிடைத்திருக்கும் என்பதுதான் அந்த விதியின் கணக்கு.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? இளம் சிங்கத்தின் மூக்கு இளஞ்சிவப்பு, வயது ஏற ஏறக் கருப்புப் புள்ளிகள் பெருகி மூக்கு இருண்டுபோகும். இந்த வேகம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் மூக்கை மட்டும் நம்ப முடியாது. மண்டையோட்டின் பொருத்துகளையும் பல்லின் தேய்மானத்தையும் பார்ப்பார்கள். பல்லை எக்ஸ்-ரே எடுத்து நரம்பும் ரத்தக் குழாயும் உள்ளே இருக்கும் கூழறை எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்றும் பார்ப்பார்கள். வயதானால் அது சுருங்கிவிடும்.

பாடம் செய்த தலையில் இவற்றில் எது மிஞ்சும்? மண்டையோடு உள்ளே இல்லை. திறந்த வாயில் தெரிவது பெரும்பாலும் வார்ப்புப் பல்லும் வார்ப்பு நாக்கும்தான். தோல் காய்ந்தால் மூக்கு நிறம் வெளிறும், அதனால் ஏர்பிரஷ்ஷால் வண்ணம் பூசுகிறோம். மூன்று வயதுச் சிங்கத்தின் மூக்கையும் எட்டு வயதுச் சிங்கத்தின் மூக்கையும் ஒரே கருப்பாக்க எங்களால் முடியும். காட்டு ஆணின் முகத்தில் இருக்கும் சண்டைத் தழும்புகளையும் முடி ஒட்டி மறைக்க முடியும். அப்படி மறைப்பதை நாங்கள் ஏற்பதில்லை, ஆனால் நடக்கிறது. சுவரில் இருக்கும் தலை அந்த வேட்டை முறையானதா இல்லையா என்பதைச் சொல்லவே சொல்லாது. நீங்களோ அந்தத் தலையையே பத்து நிமிடம் காட்டினீர்கள். மண்டையோட்டை ஒரு நொடி கூடக் காட்டவில்லை.

ஆவணங்களும் அப்படியே. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கின் ட்ராஃபி எல்லை தாண்ட, ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதியும் இறக்குமதி செய்யும் நாட்டின் அனுமதியும் வேண்டும். சிறுத்தைத் தோல் என்றால், ஒருமுறை பூட்டினால் கழற்ற முடியாத ஓர் அடையாளப் பட்டை அதில் இருக்க வேண்டும். எந்த நாடு, அந்த ஆண்டு ஒதுக்கீட்டில் எத்தனையாவது விலங்கு, எந்த ஆண்டு என்று மூன்றும் அதில் இருக்கும். 6/500 என்றிருந்தால் ஐந்நூறில் ஆறாவது என்று பொருள். பட்டை எண்ணும் அனுமதிச் சீட்டின் எண்ணும் ஒத்துப்போகாத தோலைப் பட்டறையில் வாங்கவே கூடாது. படத்தில் சிறுத்தைத் தோலை மேசையில் விரிக்கும் காட்சியில் கேமரா ஒரு சாண் கீழே இறங்கியிருந்தால் நேயர்களுக்கு இதையெல்லாம் காட்டியிருக்கலாம்.

“வேட்டைப் பணம்தான் காட்டைக் காக்கிறது” என்று ஒரு சாராரும், “எல்லாமே கொலை” என்று இன்னொரு சாராரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே வரியில் முடிகிற விஷயமில்லை இது. பாகிஸ்தானில் மார்க்கோர் என்ற மலைக் காட்டு ஆட்டுக்கு சைட்டீஸ் 1997இல் ஆண்டுக்கு ஆறு ட்ராஃபி, 2002இல் பன்னிரண்டு என்று ஒதுக்கியது. வேட்டைக் கட்டணத்தில் 80 சதவீதம் உள்ளூர்ச் சமூகத்துக்குப் போகிறது. 2015இல் அந்த இனம் அழியும் ஆபத்திலுள்ளவை என்ற நிலையிலிருந்து மேம்பட்டதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். மதிப்பிட்டது. அதே 2015இல் ஜிம்பாப்வேயின் ஹவாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே சிசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டது. அதற்கு வயது 13, ஆறு வயது விதியை எப்போதோ தாண்டியது. ஆனால் அதன் கழுத்தில் ஆய்வாளர்கள் மாட்டிய ஜி.பி.எஸ். பட்டை இருந்தது. வயது மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு அதுவே சான்று. தென்னாப்பிரிக்காவில் வேலிக்குள் வளர்த்துச் சுடப்படும் சிங்கங்களால் எந்தக் காட்டுக்கும் பயனில்லை. அந்த வளர்ப்பையே நிறுத்த வேண்டும் என்று அந்நாட்டு அரசு அமைத்த குழு 2021இல் பரிந்துரைத்தது. எங்கள் நிலைப்பாடும் அதுதான். இந்த மூன்றையும் ஒரே பின்னணி இசையில் ஓடவிட்டால் நேயர் எதை எதிர்ப்பது, யாரிடம் கேட்பது?

அருங்காட்சியகங்களில் உள்ள பாடம் செய்த விலங்குகளையெல்லாம் அகற்றச் சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே இருப்பவை எல்லாம் வேட்டையில் வந்தவை அல்ல. உலகின் கடைசிப் பயணிப் புறா மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்தது. பனிக்கட்டியில் உறைய வைத்து அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிப் பாடம் செய்தார்கள். தன் இனத்தில் கடைசியாக மிஞ்சிய கலாபகஸ் ஆமை லோன்சம் ஜார்ஜ் 2012இல் செத்தது, அதையும் பாடம் செய்தார்கள். குவாகா என்ற வரிக்குதிரை இனம் 1883இல் ஆம்ஸ்டர்டாமில் முடிந்துபோனது. அருங்காட்சியகத் தோல் ஒன்றில் ஒட்டியிருந்த காய்ந்த தசையிலிருந்து 1984இல் அதன் டி.என்.ஏ.வைப் பிரித்தார்கள், அழிந்துபோன ஓர் இனத்திலிருந்து முதன்முதலாக. சுட்டுக் கொண்டுவந்தவையும் ஏராளமாக உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பாடம் செய்யும் கலையை நவீனமாக்கியவர்களில் ஒருவரான கார்ல் ஏக்லி 1921இல் மலைக் கொரில்லாக்களைச் சுட்டார். பிறகு அவரே முயன்று, 1925இல் அவற்றுக்குக் காங்கோவில் ஆல்பர்ட் தேசியப் பூங்கா அமையக் காரணமானார். கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் இரண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

நிறுவனத்தாரிடம் நாங்கள் கேட்பது இதுதான். மறு ஒளிபரப்பில் ஆர்சனிக் எச்சரிக்கையைச் சேருங்கள். படத்தில் வரும் ஒவ்வொரு விலங்குக்கும் இனம், இடம், ஆண்டு, மதிப்பிட்ட வயது, அந்த வயதை எதை வைத்துச் சொன்னார்கள், அனுமதி எண் ஆகியவற்றைத் திரையில் போடுங்கள். ஏதாவது தெரியவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்றே போடுங்கள். ஒரு முறையாவது மண்டையோட்டை மேசையில் வைத்து, வயது பார்க்கத் தெரிந்த ஒருவரைப் பேச விடுங்கள். தோல், பட்டை, பட்டறை வேலை எதைப் படம்பிடிக்க வேண்டுமானாலும் எங்கள் கதவு திறந்திருக்கிறது. காசு வேண்டாம், வெட்டாமல் போட்டால் போதும்.

நேயர்களே, அடுத்த முறை ஒரு தலையைப் பார்த்துக் கோபம் வந்தால் எங்களிடமும் கேளுங்கள், சுட்டவரிடமும் கேளுங்கள், அனுமதி கொடுத்த அலுவலகத்திடமும் கேளுங்கள்: இதன் வயது என்ன, மண்டையோடு எங்கே, பட்டை எண் என்ன, பணம் யாருக்குப் போனது?

இப்படிக்கு,
பாடம் செய்யும் கலைஞர்களும் அருங்காட்சியகப் பராமரிப்புப் பணியாளர்களும்