எந்த அணி என்று கேட்டால்

பசுமலை,
மதுரை.

கர்த்தருக்குள் அன்பான மகள் கிரேசுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். போனில் நீ சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். "பேசாமல் வேறு சபைக்குப் போகச் சொல்" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து; டாக்டரையும் அப்படித்தான் மாற்றுவார்.

கட்டட நிதிக் கணக்கைக் கேட்டவர்கள் ஆயருக்கு விரோதிகள், கேட்காதவர்கள் ஆயரின் கைத்தடிகள். இப்படி இரண்டாகப் பிரிந்த சபையில் நீ எந்த அணி என்று எல்லாரும் கேட்கிறார்கள் என்பதற்காக வீட்டில் உட்கார்ந்து யூடியூபில் ஆராதனை பார்க்கிறாய். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொரிந்து சபையில் ஒருவன் நான் பவுலைச் சேர்ந்தவன் என்றான், இன்னொருவன் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்றான். அங்கே ஊழியம் செய்த பவுலுக்கும் அப்பொல்லோவுக்கும் இடையே சண்டை நடந்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பார். அப்பொல்லோவை உங்களிடம் போகும்படி மிகவும் கேட்டுக்கொண்டேன், இப்போது வர அவனுக்கு மனதில்லை என்று பவுலே எழுதுகிறார். தன் பெயரில் கட்சி நடத்துகிற ஊருக்குள் கால் வைக்கப் பிடிக்கவில்லை போலும் என்று நான் நினைத்துக்கொள்வேன். இது என் ஊகம்தான்.

வரங்களில் எதிலும் குறைவில்லாத சபை என்று முதல் அதிகாரத்தில் அவர்களைச் சொன்னவர், மூன்றாம் அதிகாரத்தில் பால் குடிக்கிற குழந்தைகள் என்கிறார். காரணம், அவர்களுக்குள் இருந்த பொறாமையும் வாக்குவாதமும். நாமோ உபவாசக் கூட்டத்தில் உரத்த குரலில் ஜெபிக்கிறவர்களைப் பார்த்து, ஆவிக்குரிய வாழ்க்கையில் எவ்வளவு முதிர்ந்தவர்கள் என்று வியக்கிறோம்.

எல்லாப் பிளவையும் பூசி மெழுகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நம் பக்கத்தில் சபைக்குள் பிரிவினை என்றால் முதலில் சாதிதான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க மதுரை மிஷன், சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கட்டாயமாகச் சொன்னபோது சபைகளில் போதித்துவந்த உபதேசிமார் பலர் விலகிப் போனார்கள். அவர்களைப் பிடித்துவைக்கப் பந்தியைப் பிரித்திருந்தால் எண்ணிக்கை குறைந்திருக்காது. ஆனால் அதைத் திருச்சபை என்று எப்படிச் சொல்வது? (இன்றும் கல்யாணப் பேச்சு எடுத்தால் "அவர்கள் என்ன ஆட்கள்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதை எழுதினால் இந்தத் தாள் போதாது.)

விட்டுக்கொடுக்க வேண்டியது வேறு. 1919இல் தரங்கம்பாடியில் கூடியவர்கள் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். அப்படிப் பல சபைகள் ஒன்றாகி நம் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானது 1947 செப்டம்பர் 27ஆம் தேதி. நடுவில் 28 ஆண்டுகள் பேச்சுவார்த்தை! அதற்காக உழைத்த பேராயர் அசரியா 1945இலேயே காலமாகிவிட்டார். பேராயர் என்ற பதவியே இல்லாமல் நூறாண்டுக்கு மேல் வளர்ந்த நம் மதுரைச் சபைகள் பேராயரை ஏற்றுக்கொண்டன. இங்கே முதல் பேராயராக வந்த லெஸ்லி நியூபிகினும் பேராயர் இல்லாத ஸ்காட்லாந்துச் சபையின் மிஷனரிதான். பழகிய முறையை விட்டார்கள், விசுவாசத்தை விடவில்லை.

ஆகவே நீ கணக்கைக் கேள், அணியில் சேராதே. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு எப்படிக் கேட்பது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சபையின் பொதுக்கூட்டத்தில் எழுந்து, தணிக்கை செய்த வரவு செலவை எல்லாருக்கும் முன்பாக வையுங்கள் என்று கேள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதே. அங்கே கேள்வி அரை மணி நேரத்தில் வசையாகிவிடும். யாராவது எழுந்து, சகோதரன்மேல் வழக்குப் போடாதே என்கிற, அதே கொரிந்தியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தை வாசித்து உன் வாயை அடைக்கப் பார்க்கலாம். அடுத்த வசனத்தையும் வாசிக்கச் சொல். சகோதரருக்கே அநியாயமும் நஷ்டமும் செய்கிறீர்கள் என்று அதில் இருக்கிறது.

கேட்ட பிறகும் அங்கேயே இரு. அதுதான் கடினம். திருவிருந்துக்கு முன் சமாதானம் கொடுக்கும்போது, ஆயர் பீடத்தில் தொடங்குவது கையிலிருந்து கையாக நம் வரிசைக்கு வருகிறது. பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்த்து அதை நிறுத்திவைக்க முடியாது. உன்னைப் பற்றித் தவறாகப் பேசினாள் என்று சொன்னாயே, அந்தப் பொருளாளரின் மனைவி, அடுத்த ஞாயிறு அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார். பேச வேண்டாம். கையை மட்டும் கொடு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது அவள் பாடு.

பொதுக்கூட்டம் என்றைக்கு என்று தெரிவி. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபிக்கச் சொல்கிறேன். விவரம் எதுவும் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் ஆயருக்காக இங்கேயும் இரண்டு அணி உண்டாகிவிடும்.

அன்புடன்,
அம்மா