பிளாக்செயின் எதைக் காக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலப் பத்திரங்களைப் பிளாக்செயினில், அதாவது பதிவுகளைத் தொகுதி தொகுதியாகச் சங்கிலிபோல் கோத்துப் பல கணினிகளில் நகல் வைக்கும் மின்னணுப் பதிவேட்டில், ஏற்றிவிட்டால் மோசடியே நடக்காது என்ற பேச்சை இங்குள்ள பத்திர எழுத்தர்களிடமும் கேட்கிறேன். அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி.

இதில் பயன்படும் ஹாஷ் முறைகளில் ஒன்றான எஸ்.எச்.ஏ.-256, ஒரு வரியானாலும் முழுப் பத்திரமானாலும் அதை ஒரே அளவுள்ள 256 பிட் குறியீடாக மாற்றுகிறது. சர்வே எண் 142/3 என்பதை 142/8 என்று திருத்தினாலே குறியீடு முற்றிலும் மாறிவிடும், அதே குறியீட்டைத் தரும் வேறொரு பத்திரத்தைத் தயாரிப்பதும் நடைமுறையில் இயலாது. ஒவ்வொரு தொகுதியும் முந்தைய தொகுதியின் ஹாஷை, அதாவது இந்தக் குறியீட்டை, தன்னுள் கொண்டிருப்பதால், பழைய பதிவைத் திருத்துபவர் அதற்குப் பின்வந்த அத்தனை தொகுதிகளையும் மாற்றியாக வேண்டும். பல கணினிகளில் நகல்கள் இருப்பதால் அந்தத் திருத்தம் எளிதில் அம்பலமாகும். 2009இல் தொடங்கிய பிட்காயின் என்னும் மின்னணு நாணயமும் இப்படித்தான் இயங்குகிறது.

ஆனால் ஆள்மாறாட்டம் செய்து பதிந்த பத்திரத்தையும் பிளாக்செயின் அதே உறுதியோடு காக்கும், ஏனெனில் எழுதியது உண்மையா என்று ஹாஷ் பார்ப்பதில்லை. ஏமாந்த விவசாயிக்கு அப்போது அந்த உறுதியே எதிராக நிற்கும். எனவே இத்தகைய திட்டம் எதுவானாலும், பதிவுக்கு முன் மூலப் பத்திரத்தையும் ஆளையும் சரிபார்க்கும் முறையையும், தவறான பதிவை ரத்து செய்யும் வழியையும் அரசு சேர்த்தே அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.