மார்கழியில் ஃபேன் போடும் அண்ணிக்காக, அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

போன வாரம் போனில், "உங்கண்ணிக்கு என்னமோ ஆயிடுச்சு, ராயக்கோட்டைக் குளிர்ல நடுராத்திரி ஃபேன் போடறா, எதுக்கெடுத்தாலும் கோபப்படறா" என்று சிரித்தாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றாங்க, பொங்கல் கழிச்சு தேதி வாங்கிடறேன்" என்றாய். நான் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். தங்கச்சி அண்ணனிடம் வாய்விட்டுப் பேசுகிற விஷயமா இது? அதனால்தான் எழுதுகிறேன். பொதுவில் போடலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். "பேர் மட்டும் போடாத. உங்கண்ணன் மாதிரி நாலு பேர் படிக்கட்டும்" என்றார்.

நான் வந்திருந்த அன்று விடியற்காலை மூன்று மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். அண்ணி பின்வாசலில், சில்லிட்ட சிமெண்ட் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே பனி கொட்டுகிறது, அவர் ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருக்கிறது. முந்தானையால் விசிறிக்கொண்டே, "அஞ்சு நிமிஷம், அடங்கிடும்" என்றார். அடங்கியது. உடனே வெடவெடவென்று நடுக்கம். போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினேன். உன் குறட்டை மட்டும் நிற்கவே இல்லை.

அது பைத்தியமும் இல்லை, காத்து கருப்பும் இல்லை. தூரம், அதாவது மாதவிடாய், நிற்கப்போகிற வயதில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் ஏறி இறங்கிக் கடைசியில் குறைந்துபோகிறது. உடம்புச் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் மூளைப் பகுதி அதில் தடுமாறி, லேசான சூட்டையும் பெரிய சூடாக எடுத்துக்கொள்கிறது. வேர்க்க வைத்தாவது தணிக்கப் பார்க்கிறது. ஒரு ராத்திரியில் இப்படி மூன்று தடவை எழுந்தவள், காலையில் நீ காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்றால் சீறத்தான் செய்வாள். நீ சொன்ன அந்தக் "கோபம்" பாதி தூக்கமில்லாத கோபம். மீதியில் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு, உனக்கும் கொஞ்சம் உண்டு.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டில் பலருக்கும் 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய சில வருஷம்தான் குழப்பம். இரண்டு மாதம் வராது, அப்புறம் பத்து நாள் கொட்டும். அண்ணிக்கு இப்போது 46. சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறார்.

இனி அந்தப் "பை" விஷயம். ஆறு வருஷத்துக்கு முன் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனவன் நீதான். உன்மேல் ஒரு குறையும் இல்லை, பாசத்தில்தான் செய்தாய். எனக்கு அப்போது 38 வயது. சின்னதாக ஒரு கட்டி. "குழந்தை ரெண்டு ஆச்சு, இனி எதுக்கு அது" என்றார்கள், நாமும் தலையாட்டினோம். கர்ப்பப்பையோடு, அந்த ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள் என்பது, இரண்டு வருஷம் கழித்து டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. மற்றவர்களுக்குப் படிப்படியாக வருவது எனக்கு ஒரே ராத்திரியில் வந்தது. அவ்வளவு சின்ன வயதில் சினைப்பை போனால், வேறு தடை ஏதும் இல்லாதபோது, இயல்பாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் மாத்திரை தருவதுதான் வழக்கமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் என் முதுகெலும்பு என் வயதைவிட மூத்து நிற்கிறது.

ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் என்றாலோ, பெரிய கட்டி தொந்தரவு தந்தாலோ எடுக்க வேண்டி வரலாம். ஆனால் தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டுதலே கொடுத்திருக்கிறது. எல்லா மாநிலமும் அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவ்வளவு தூரம் போன விவகாரம் இது.

அண்ணிக்கு இதுவரை எடுத்தது ஒரு ஸ்கேன் மட்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்தார்களா? 12-க்குக் கீழே போனால் சோகை. அவர் படியேறும்போது மூச்சு வாங்குவதை நான் பார்த்தேன். தைராய்டு பார்க்க வேண்டும், அதுவும் இதே மாதிரி படுத்தும். இந்த வயதில் ரத்தம் தாறுமாறாகப் போனால், கர்ப்பப்பை உள்சவ்வில் துளி எடுத்து பயாப்சி பார்ப்பதும் முக்கியம். கெடுதலாக ஒன்றும் இல்லை என்றால் ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. வேர்வைக்கும் ஹார்மோன் சிகிச்சை நன்றாகக் கேட்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் கட்டும் தொந்தரவு உள்ளவர்கள் போன்ற சிலருக்கு அது ஆகாது. டாக்டர் கேட்டுப் பார்த்துத்தான் தருவார். ஒன்றை மட்டும் மறக்காதே: ஒரு வருஷம் நின்றுபோன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். "திரும்ப வந்துடுச்சு" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

முட்டி வலி, இடுப்பு வலிக்கு இதை மட்டுமே காரணம் சொல்லிவிடாதே. நம்ம கிருஷ்ணகிரி பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அது எலும்பைப் பாதிக்கும். அம்மா முதுகு எப்படிக் கூனியது என்று உனக்குத் தெரியும். வீட்டுக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்து அதையே குடியுங்கள்.

அப்புறம் களி. நூறு கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம், அரிசியில் பத்தைத் தாண்டாது. நம் தாத்தா காலத்தில் மூன்று வேளையும் களி. உன் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு மட்டும் களி! கிண்டுவது அண்ணி வேலை என்று உட்கார்ந்துவிடாதே, துடுப்பைப் பிடிக்க உனக்கும் கை இருக்கிறது. சாயங்காலம் அவரோடு ஏரிக்கரைவரை நட. எலும்புக்கு அதுவும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அதை நான் எழுத மாட்டேன், அண்ணியே சொல்வார். வறட்சி, எரிச்சல் என்று ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கேள். அதற்கும் மருந்து இருக்கிறது.

பொங்கல் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை போலுப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு பிரிவில் காட்டலாம். நானும் வருகிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பழைய ஃபைலோடு எடுத்து வை. அதுவரை யாரிடமும் தேதி வாங்காதே.

ஃபேன் ஓடட்டும். உனக்குக் குளிருகிறது என்றால் கூடத்தில் பாயைப் போட்டுப் படு.

உன் தங்கச்சி