தரங்கம்பாடியில் குடை கொடுத்த அண்ணனுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தரங்கம்பாடி போயிருந்தேன். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது உச்சி வெயில். அம்மா தலைசுற்றி மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த அண்ணன் ஒருவர் ஓடிவந்தார். "எந்திரிக்காதீங்கம்மா, கொஞ்சம் இருங்க" என்று குடையைப் பிடித்தார். மோர் வாங்கி வந்தார். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் நிதானமாக இருந்தார்.

அம்மா தெளிந்ததும் வேலையை விட்டுவிட்டு அவரே மாசிலாமணிநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. "அந்தா, அதுவரைக்கும் கரை இருந்துச்சும்மா, எங்க தாத்தா சொல்லுவாரு" என்று அலைகளுக்கு நடுவே கை காட்டினார். எந்தப் பலகையும் எனக்கு அதை அப்படிச் சொல்லியிருக்காது. அப்புறம் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் வரை, அம்மாவின் நடைக்கு ஏற்ப மெதுவாகவே வந்தார்.

பணம் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார், அண்ணே. ரொம்ப நன்றி. உங்கள் குடை எங்களிடமே தங்கிவிட்டது. பொங்கலுக்கு முன் நேரில் கொண்டுவந்து தருகிறோம்.