வாய்க்கால் தூர்வாரும் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

பாசன உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைப்பு மதகிலிருந்து, கடைசி வயல்களுக்குத் தண்ணீர் விடும் கடைமடை வரை நம் வாய்க்காலில் நடந்த தூர்வாரும் வேலை முடிந்துவிட்டது. ஆற்றில் மேட்டூர் தண்ணீர் வந்த நான்காம் நாள், கடைசி மடையில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடியது. அந்தப் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீரை மட்டும் நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டுப் பல வருஷமாகிறது. இந்த வருஷம் விட்டிருக்கிறார்கள். எங்களுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை.

வரவு செலவை ரசீதுகளோடு பிள்ளையார் கோயில் மண்டபத்தில் வைத்திருக்கிறோம். யாரும் வந்து பார்க்கலாம். இந்த அறிக்கையில் முக்கியமாகச் சொல்ல வந்தது, வேலை நடக்கும்போது பலரும் கேட்ட ஒரு கேள்விக்கான பதில். "பொக்லைன் வந்து நிற்கிறது, இன்னும் ரெண்டு அடி ஆழமா எடுத்தா என்ன?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வேண்டுமென்றேதான் நிறுத்தினோம்.

வாய்க்காலுக்குள் தண்ணீர் நுழைவதை முடிவு செய்வது தலைப்பு மதகின் தளம். அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் வெட்டினாலும் கூடுதலாக ஒரு சொட்டுகூட உள்ளே வராது. வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். வாய்க்காலில் மட்டம் தாழ்ந்து கிளை மடைகளுக்கு ஏறாது. கரையின் அடிமண் கரைந்து கரையே சரியும். ஆகவே முதலில் மண்ணைத் தொடவில்லை. புதரை மட்டும் வெட்டிவிட்டு, லெவல் கருவி வைத்து மதகுத் தளத்திலிருந்து கடைமடை வரை மட்டம் பார்த்தோம். அப்போது பழைய காலத்தில் பதித்த இரண்டு மட்டக்கற்கள் சேற்றுக்குள்ளிருந்து கிடைத்தன. வாய்க்காலின் அடி எங்கே இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் கல்லிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த மட்டத்தோடு நிறுத்தினோம்.

ஆற்றில் ஓரிடத்தில் கை வைத்தால் அது வேறோரிடத்தில் பதில் சொல்லும் என்பதற்கு நம் காவிரியே சாட்சி. திருச்சிக்கு அருகே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், அதனால் இழுப்பும் அதிகம். காவிரியிலோ கல்லணைக்கு மேலே மணல் தங்கித் தங்கி ஆற்றின் அடி உயர்ந்துகொண்டே போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீரின் பெரும்பங்கு கொள்ளிடத்தில் போய், தஞ்சாவூர்ச் சீமை வறண்டது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முதலில் கல்லணையில் மணல்போக்கி மதகுகள் வைத்தார். அது போதவில்லை. 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். கொள்ளிடத்தில் தண்ணீர் குறைந்தால் கீழே இருக்கும் சிதம்பரம் பக்கத்து வயல்கள் என்னாகும்? அதற்காக அணைக்கரையில் கீழணையும் அப்போதே எழும்பியது.

சரி, அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. தண்ணீர் காவிரிப் பக்கம் திரும்பியதும், தூர்ந்து கிடந்த அதே காவிரி தன் அடியை அரிக்க ஆரம்பித்தது. தஞ்சைக்குப் பஞ்சம் என்ற பயம் போய், வெள்ளம் வந்துவிடுமோ என்ற பயம் வந்தது. சில வருஷங்களிலேயே காவிரியின் தலைப்பிலும் குறுக்குச் சுவர் கட்டி அடிமட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. காட்டனைக் குறை சொல்லவில்லை, டெல்டா இன்றும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அவ்வளவு பெரிய வேலைக்கும் ஆறு பதில் சொன்னது என்பதைத்தான் நினைவூட்டுகிறோம்.

1934-இல் மேட்டூர் அணை வந்தது. பெருவெள்ளத்தின் வேகம் தணிந்தது. வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிட்டது. முன்பு வெள்ளமே அடித்துக்கொண்டு போன புதரும் கோரையும் இப்போது வாய்க்காலில் நிலையாக வேர் பிடிக்கின்றன. நாம் எடுத்ததில் பாதிக்கு மேல் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அவற்றின் வேரில் சிக்கிய சேறும்தான். இன்னொரு பக்கம், ஆற்றில் மணல் அள்ளிய இடங்களில் ஆற்றின் அடி இறங்கி, தலைப்பு மதகுகள் மேடாகிவிட்டன. ஆற்றில் தண்ணீர் ஓடும், வாய்க்காலுக்குள் ஏறாது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மேலணையின் 9 ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்ட காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டோம். நமக்கு மேலே இருப்பவை எல்லாம் நிரந்தரம் என்று இருந்துவிட முடியாது.

அப்புறம், எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நடுப்பாலத்துக்குக் கீழே ஒரு நாள் எங்களில் யாரும் கூட இல்லாதபோது, வண்டி ஓட்டியவர் ஆர்வத்தில் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிட்டார். மூன்றாம் நாள் மழையில் இடது கரை ஒரு தென்னை நீளத்துக்குச் சரிந்தது. களிமண் கொட்டி, சவுக்குக் கழி அடித்து, மணல் மூட்டை அடுக்கிச் சரிசெய்தோம். அந்தச் செலவு கணக்கில் தனியாக இருக்கிறது. மேற்பார்வை பார்க்க வேண்டியது நாங்கள், பொறுப்பும் எங்களுடையது. அந்த இடத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆழமாக வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும்.

மதகுக் கதவுக்குப் புது ரப்பரும் திருகும் போட்டாயிற்று. சாவி முறைக்காரரிடம் இருக்கும். மட்டக்கற்கள் இரண்டையும் சிமென்ட் போட்டு நிறுத்தி, நடுவில் புதிதாக மூன்று கற்கள் பதித்திருக்கிறோம். அவற்றை யாரும் துணி துவைக்கவோ மாடு கட்டவோ பெயர்க்க வேண்டாம்.

கரையில் அருகம்புல் வேர் பிடிக்கும்வரை மாடுகளைப் பழைய துறை வழியாக மட்டும் இறக்குங்கள். தை அறுப்பு முடிந்ததும் ஐந்து கற்களிலும் மறுபடி மட்டம் பார்க்கப் போகிறோம். வர முடிந்தவர்கள் மண்வெட்டியோடு தலைப்பு மதகுக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பணிக்குழுவினர்