மேட்டூர்க் கேள்விக்குப் பதில்

கோயம்புத்தூர்,
கார்த்திகை, 2025

அன்புள்ள சென்னியப்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குச் சென்னிமலைப் பக்கம் ஒரு இடம் வந்திருக்கிறது. தை பிறந்ததும் பேசலாம் என்றிருக்கிறோம். கிணத்துக்கடவுத் தோட்டத்தில் தென்னைக்கு வெள்ளை ஈ விழுந்து, கீற்றெல்லாம் கருப்பாகப் படிந்து கிடக்கிறது. தேங்காய் விலை ஏறிய வருசத்தில் மரத்தில் காய் இல்லை. தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல்.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். அமெரிக்காக்காரன் இறக்குமதிக்கு 50 சதவீதம் வரி போட்டு அலுமினிய ஆலைகளைக் காப்பாற்றுகிறான், அன்றைக்கே நம் அரசாங்கமும் போட்டிருந்தால் மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலை இன்றைக்கும் ஓடியிருக்குமே என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா உழைத்த ஆலை, உனக்கு அந்த ஆதங்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உன் தம்பி மகன் பட்டறை போடலாமா என்ற கேள்விக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

அறுபதுகளில் மேட்டூரில் அந்த ஆலையை வைத்ததற்குக் காரணம் உண்டு. பக்கத்திலேயே அணை மின்சாரம். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் அலுமினியத் தாதுவான பாக்சைட். ஒரு டன் அலுமினியம் எடுக்க ஏறக்குறைய 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். இரும்பு, செம்பு எதற்கும் இந்தக் கணக்கு கிடையாது. சில மணி நேரம் கரண்ட் நின்றால் தொட்டியில் இருக்கிற உலோகம் உறைந்து இறுகிவிடும் என்று உன் அப்பா சொல்வாரே, அதுதான் இந்தத் தொழிலின் உயிர்நிலை. இன்றைக்குத் தமிழ்நாட்டில் உயர் அழுத்த மின்சாரம் யூனிட் 7 ரூபாய்க்கு மேல். நீயே பெருக்கிப் பார். ஒரு டன்னுக்குக் கரண்ட் பில் மட்டும் லட்சம் ரூபாய். உலகச் சந்தையில் அந்த ஒரு டன் விற்பது இரண்டே கால், இரண்டரை லட்சத்துக்கு. மீதியில் பாக்சைட்டைச் சுத்திகரித்து எடுக்கிற அலுமினாப் பொடி வாங்கி, கார்பன் வாங்கி, சம்பளம் கொடுத்து, கடனும் அடைக்க வேண்டும்.

1995-ல் ஸ்டெர்லைட் கைக்குப் போன பிறகு சொந்தமாக நிலக்கரி மின் நிலையமும் வைத்துப் பார்த்தார்கள். அப்படியும் 2008 நவம்பரில் உலோகம் எடுக்கிற வேலை நின்றது. அந்த வருசம் ஜூலையில் லண்டன் உலோகச் சந்தையில் டன் 3,300 டாலருக்கு மேல் இருந்த விலை, அடுத்த பிப்ரவரியில் 1,300-க்கும் கீழே போனது. பாதிக்கு மேல் விலை சரிந்தால் எந்த இறக்குமதி வரியும் அந்தப் பள்ளத்தை அடைக்காது. ஆலை நின்ற பிறகும் அந்த மின் நிலையம் மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தது, கவனித்தாயா? உலோகமாக மாற்றி விற்பதைவிடக் கரண்டாகவே விற்பது லாபம் என்ற நிலை. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து ஹாவ்ஸ்வில் ஆலையும் இதே மாதிரி 2022-ல் மின் கட்டணம் தாங்காமல் நின்றது. அப்போது அங்கே அலுமினியத்துக்கு 10 சதவீத வரி நடைமுறைக்கு வந்து நான்கு வருசம் ஆகியிருந்தது. 1980-ல் முப்பதுக்கு மேல் உருக்காலைகள் வைத்திருந்த நாட்டில் இப்போது ஓடுவது நான்கு. வரியை 2025 மார்ச்சில் 25 ஆக்கி, ஜூனில் 50 ஆக்கினார்கள். விலைதான் ஏறியது. அங்கே வாங்குகிறவன் லண்டன் விலைக்கு மேல் டன்னுக்கு 1,000 டாலருக்கும் அதிகமாகக் கொடுக்கிறான். அவர்கள் இறக்குமதி செய்வதில் பாதிக்கு மேல் கனடாவில் ஆற்று மின்சாரத்தில் எடுத்த உலோகம். சீனாவை அடிக்கிறோம் என்று சொல்லிப் போட்ட வரி முதலில் விழுந்தது பக்கத்து வீட்டுக்காரன் தலையில்.

சீனா மேல் தப்பில்லை என்று நான் சொல்லவில்லை. இந்த நூற்றாண்டு தொடங்கும்போது உலக உற்பத்தியில் அவர்கள் பங்கு பத்தில் ஒன்றுதான். இன்றைக்குப் பத்தில் ஆறு, வருசத்துக்கு 4.3 கோடி டன்னுக்கு மேல். அவர்களுடைய ஒரே நிறுவனத்தின் திறன் 60 லட்சம் டன்னைத் தாண்டும். நம் நாடு முழுவதும் சேர்ந்து எடுப்பது சுமார் 42 லட்சம் டன். இதெல்லாம் சந்தையில் போட்டி போட்டு மட்டும் வளர்ந்ததல்ல. மாகாண அரசுகள் மலிவாக நிலக்கரியும் மின்சாரமும் தந்தன, அரசு வங்கிகள் கடன் தந்தன. 17 பெரிய நிறுவனங்களை எடுத்துப் பார்த்த, வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி, 2013 முதல் 2017 வரை 7,000 கோடி டாலர் வரை அரசு உதவி போயிருக்கிறது என்று 2019-ல் அறிக்கை கொடுத்தது. பெரும்பங்கு சீனாவில்தான். வெறும் உலோகமாக வெளியே போனால் ஏற்றுமதி வரி கட்ட வேண்டும். தகடு, ஃபாயில், கம்பி என்று வடிவம் மாற்றிப் போனால் 13 சதவீத வரி திரும்பக் கிடைக்கும். அதனால் உலோகம் உள்ளேயே மலிவாகக் கிடக்கும், பொருளாக உலகம் முழுக்க ஓடும். அந்தச் சலுகையை 2024 டிசம்பரில்தான் நிறுத்தினார்கள். 2017-ல் 4.5 கோடி டன் என்று உச்சவரம்பும் போட்டார்கள். அந்த வரம்பு நெருங்கியதும் சீன நிறுவனங்கள் இந்தோனேசியாவில் ஆலை கட்டப் போய்விட்டன.

இனி என் பட்டறைக்கு வா. நீ கடைசியாக வந்தபோது பார்த்ததைவிட உலை ஒன்று கூடியிருக்கிறது. மோட்டார் பாடி, எண்ட் கவர், கொஞ்சம் பம்பு பாகம், எல்லாம் அடுத்தவர் கேட்டபடி அலுமினியத்தில் வார்த்துக் கொடுக்கிற ஜாப் ஆர்டர். எனக்குத் தேவையான உலோகம் ஒடிசாவில் இருக்கிற பெரிய உருக்காலைகளிலிருந்து வருவதில்லை. பழைய கார் இஞ்சின், கியர் பெட்டி, பிஸ்டன் இவற்றை, அதாவது ஸ்கிராப்பை, உருக்கி ஊற்றிய கட்டிதான் எங்கள் இங்காட். ஏடிசி 12 என்பது அந்தக் கலப்பு உலோகத்தின் பெயர். அதைப் போடுகிறவர்களின் யார்டில் நின்று பார்த்தால் தெரியும். வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வந்த ஸ்கிராப்பைக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுத்தியலால் தட்டி, ஒட்டியிருக்கிற இரும்பு போல்ட்டையும் புஷ்ஷையும் பிரித்தெடுக்கிறார்கள். உடைந்த இடத்தின் மினுமினுப்பைப் பார்த்தே இது வார்ப்பு, இது தகடு என்று சொல்லித் தனித்தனிக் குவியலில் எறிகிறார்கள். இரும்பு கலந்திருக்குமோ என்று சந்தேகமாக இருந்தால் காந்தம். ஒரு இரும்புத் துண்டு தப்பி உலைக்குள் போனாலும் எங்கள் வார்ப்பு உடையும். அந்தக் கைகளின் பழக்கத்தை நம்பித்தான் இந்த ஊரில் எத்தனையோ பட்டறைகள் ஓடுகின்றன.

அமெரிக்கா அந்த 50 சதவீதத்தை ஸ்கிராப்புக்குப் போடவில்லை. அங்கே புது உலோகம் எட்டாத விலைக்குப் போனதும் ஸ்கிராப்பை உள்ளூரிலேயே அள்ளுகிறார்கள், வெளியிலிருந்தும் இழுக்கிறார்கள். நமக்கு வர வேண்டிய சரக்கு அந்தப் பக்கம் திரும்புகிறது, இங்கே இங்காட் விலை ஏறுகிறது. மறுபக்கம், ஆகஸ்டில் அந்த வரிப் பட்டியலில் நானூறுக்கு மேற்பட்ட பொருள்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். பம்பும் கம்ப்ரசரும் அதில் வந்துவிட்டன. திருப்பூர் பனியனுக்கு வந்த கஷ்டத்தைப் பேப்பரில் பக்கம் பக்கமாகப் படித்தோம். பம்புக்கு வந்ததை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. எனக்கு ஆர்டர் தருகிற ஒரு ஏற்றுமதிப் பார்ட்டி, வரியில் ஒரு பங்கை நீங்களும் ஏற்க வேண்டும் என்று கிலோவுக்கு ரேட்டைக் குறைக்கச் சொன்னார். அவரும் எங்கே போவார்? வாங்குகிற விலை கூடுகிறது, விற்கிற விலை குறைகிறது. இரண்டுக்கும் காரணம் வாசிங்டனில் போட்ட அதே கையெழுத்து.

இந்த நேரத்தில்தான் நம் பெரிய உருக்காலைகள், இறக்குமதி அலுமினியத்துக்கு இப்போதுள்ள 7.5 சதவீத வரியை 15 ஆக்கு என்று டெல்லியில் கேட்கின்றன. ஸ்கிராப்புக்கு 2.5 சதவீதம் இருக்கிறது, அதையும் ஏற்றச் சொல்கிறார்கள். இதில் எனக்குக் கோபமே வருகிறது சென்னியப்பா. சுரங்கமும் நிலக்கரி மின்சாரமும் சொந்தமாக வைத்திருப்பவர்கள் அவர்கள். உலகத்தில் மலிவாக உலோகம் எடுக்கிறவர்கள் பட்டியலில் அவர்களும் உண்டு. வரி ஏறினால் உள்ளூர் விலையையும் அதே அளவுக்கு ஏற்றிக்கொள்வார்கள். ஒரு உருக்காலையில் வேலை செய்கிறவர்கள் சில ஆயிரம் பேர். அந்த உலோகத்தை வாங்கி வார்த்து, கடைந்து, துளையிட்டு, பாலிஷ் போட்டுப் பிழைக்கிறவர்கள் இங்கே கோவையில் குறிச்சி, கணபதி, அரசூர் என்று தெருத்தெருவாக இருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரன் மலிவாகக் கொண்டுவந்து கொட்டுகிற சரக்கைத் தடுக்க வேண்டுமானால், எந்தப் பொருள் அடக்க விலைக்குக் கீழே வருகிறதோ அதற்கு மட்டும் வரி போடட்டும். சீன ஃபாயிலுக்குப் போட்டார்களே, அது சரி. உலோகத்துக்கும் ஸ்கிராப்புக்கும் போட்டால், வெளிநாட்டுப் பம்பு நம் பம்பைவிட மலிவாக இறங்கும், என்னுடைய உலை அணையும்.

அப்புறம் உன் தம்பி மகன். பையன் கெட்டிக்காரன், போடட்டும். ஆனால் எடுத்த எடுப்பில் உலை வைக்க வேண்டாம். வார்ப்பை வெளியே வாங்கி, கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு விஎம்சி கடைசல் மெஷின் போட்டுக் கடைசல் வேலையில் தொடங்கச் சொல். உலோக விலை எகிறினால் அவன் முதலில் அடிபட மாட்டான். எந்தப் பார்ட்டி ஆர்டர் கொடுத்தாலும், மாதா மாதம் இங்காட் விலைக்கு ஏற்ப ரேட் மாறும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு ஆகாது. ஏற்றுமதியை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. உள்ளூர் கிரைண்டர், விவசாய மோட்டார் என்று பாதியாவது கையில் இருக்கட்டும். ஷெட் வாடகைக்கே எடுக்கட்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த இடத்துக்கு எத்தனை கிலோவாட் லைன் இருக்கிறது என்று மின்வாரியக் கார்டைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொல்.

அவனை இங்கே அனுப்பு, ஒரு வாரம் என்னோடு இருக்கட்டும். ஞாயிறு வேண்டாம், திங்கள் காலையில் உலை மூட்டும்போது வரட்டும். ஸ்கிராப் யார்டுக்கும் நானே கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
குழந்தைவேலு